ஒரே டாக், இரண்டு லேப்டாப், நடுவில் ஒரு சுவிட்ச்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

அலுவலக லேப்டாப் ஒன்று, சொந்த லேப்டாப் ஒன்று. மேசையில் இருப்பதோ ஒரே டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக்: மானிட்டர், கீபோர்டு, நெட்வொர்க், சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. நடுவில் ஒரு சுவிட்சை வைத்துப் பட்டனை அழுத்தினால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் எல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விட வேண்டும். நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் நடக்காதபோது எல்லாரும் முதலில் டாக்கைத்தான் சந்தேகிக்கிறார்கள். புது டாக் வாங்கி வைத்த பிறகும் அதே கோளாறு அப்படியே நிற்கும். இந்த அமைப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் நான் கண்டது இது: பெரும்பாலும் காரணம் கேபிள், அதற்கடுத்து சுவிட்சின் வகை. டாக்கே கெட்டுப்போயிருப்பது அபூர்வம்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை மட்டும் முடித்துவிடுங்கள். இவற்றைத் தாண்டிக் குதித்தால் மீதி எல்லாம் ஊகமாகிவிடும்.

## முதல் வேலை: சுவிட்சை விலக்கிவிட்டுப் பாருங்கள்

சுவிட்சைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டாக்கோடு பெட்டியில் வந்த கேபிளை எடுத்து முதல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். திரை, கீபோர்டு, சார்ஜ், நெட்வொர்க் நான்கையும் பாருங்கள். அடுத்து அதே கேபிளை இரண்டாவது லேப்டாப்பில் செருகி அதே நான்கையும் பாருங்கள். வேறு கேபிளுக்கு மாறிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு லேப்டாப்பும் நேராகச் செருகும்போது ஒழுங்காக இருந்தால் டாக் நல்ல நிலையில்தான் இருக்கிறது. கோளாறு சுவிட்சில், அல்லது சுவிட்சுக்காக நீங்கள் தனியாகச் சேர்த்த கேபிளில். ஒன்று மட்டும் வேலை செய்தால் கோளாறு மற்ற லேப்டாப்பில். "ஒரு லேப்டாப்பில் சரி" என்ற தலைப்பில் "கோளாறு லேப்டாப்போடு போனால்" என்ற பத்திக்குப் போங்கள். இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால் சுவிட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாக்கின் அடாப்டர், மானிட்டர் கேபிள், டாக் என்ற வரிசையில் தேடுங்கள்.

## இரண்டாவது: கையில் இருப்பது எந்த வகை சுவிட்ச்?

கடையில் எல்லாமே "சுவிட்ச்" என்ற பெயரில்தான் விற்கிறார்கள். உள்ளே மூன்று வெவ்வேறு பொருள்கள்.

யுஎஸ்பி ஷேரிங் சுவிட்ச். கணினிப் பக்கம் இரண்டு போர்ட், மறுபக்கம் கீபோர்டு, மவுஸ், பிரிண்டருக்கு நான்கு யுஎஸ்பி-ஏ போர்ட். இதில் டேட்டா மட்டும்தான் போகும். படமும் போகாது, லேப்டாப்புக்குச் சார்ஜும் போகாது. கணினிப் பக்கத்தில் டைப்-சி போர்ட் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வடிவம் டைப்-சி, உள்ளே போவது டேட்டா மட்டும்.

யுஎஸ்பி-சி இருவழி சுவிட்ச். இரண்டு லேப்டாப் பக்கமும் டைப்-சி, டாக் பக்கமும் ஒரே டைப்-சி. படம், டேட்டா, சார்ஜ் மூன்றையும் கடத்தும். பெட்டியில் "டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு" (டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் முறை), "4கே 60 ஹெர்ட்ஸ்", "100 வாட்" என்று தெளிவாக எழுதியிருக்கும். டாக்கைப் பகிர உங்களுக்கு வேண்டியது இதுதான்.

கேவிஎம் (கீபோர்டு, வீடியோ, மவுஸ்) சுவிட்ச். இதில் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் வழியாக மானிட்டர் தனியாகவும், யுஎஸ்பி தனியாகவும் மாறும். இது டாக்குக்குப் பதிலாக நிற்கிற பொருள். ஒரு டாக்கை இரண்டு லேப்டாப்புக்குப் பிரித்துக் கொடுக்க இதனால் முடியாது.

முதல் வகையோ மூன்றாவது வகையோ உங்கள் கையில் இருந்து, டாக்கைப் பகிர முயன்றுகொண்டிருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள். எந்த செட்டிங்கும் உதவாது. ஒரே விதிவிலக்கு டிஸ்பிளேலிங்க் வகை டாக். அது படத்தையும் டேட்டாவாகவே சுருட்டி அனுப்புவதால் முதல் வகை சுவிட்ச் வழியாகவும் திரை வரும். ஆனால் டாக் பக்கத்துப் போர்ட் பொருந்த வேண்டும், இரண்டு லேப்டாப்பிலும் அதற்கான டிரைவரும் இருக்க வேண்டும்.

சரி, இனி அறிகுறிகள்.

## சார்ஜ் ஏறுகிறது, மவுஸும் நகர்கிறது. திரை மட்டும் வரவில்லை

அதிகம் கேட்கும் புகார் இதுதான். டைப்-சி கேபிளுக்குள் சார்ஜுக்கு ஒரு வழி, பழைய யுஎஸ்பி 2.0 டேட்டாவுக்கு ஒரு வழி, படத்துக்கும் வேக டேட்டாவுக்கும் வேறு வழி. மவுஸும் கீபோர்டும் பழைய வழியிலேயே ஓடிவிடும். அதனால் "மவுஸ் வேலை செய்கிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்ட முடியாது.

கேபிள். லேப்டாப் சார்ஜரோடும் போனோடும் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜும் யுஎஸ்பி 2.0-வும் மட்டும் கடத்துபவை. தடிமனாக இருப்பதாலேயே படம் போகும் என்று நினைக்க வேண்டாம். 100 வாட் சார்ஜ் கேபிள் தடிமனாகத்தான் இருக்கும். படத்துக்கான கம்பிகள் உள்ளே இருக்காது. தலையில் "10" அல்லது "20" என்ற வேகக் குறியோ, தண்டர்போல்ட்டின் (டைப்-சி வடிவிலேயே வரும் அதிவேக இணைப்பு) மின்னல் குறியும் 3 அல்லது 4 என்ற எண்ணும் இருக்கிற கேபிளைப் போட்டுப் பாருங்கள். கையில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் டாக்கோடு வந்த கேபிளை லேப்டாப்புக்கும் சுவிட்சுக்கும் நடுவில் மாற்றிப் போட்டுச் சோதியுங்கள்.

செருகும் பக்கம். டைப்-சியை எந்தப் பக்கமாகவும் செருகலாம் என்பது விதி. மலிவான சுவிட்சுகள் சில அந்த விதியை மதிப்பதில்லை. பிளக்கை உருவி, 180 டிகிரி திருப்பிச் செருகுங்கள். லேப்டாப் முனை, சுவிட்ச் முனை, டாக் முனை என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் திரை வருகிறது, மறு திசையில் வரவில்லை என்றால் காரணம் அந்த முனையில் இருக்கும் பொருள்தான். அந்தத் திசையிலேயே வைத்து ஓட்டலாம். பிளக்கில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

லேப்டாப்பின் போர்ட். லேப்டாப்பில் இருக்கும் எல்லா டைப்-சி போர்ட்டும் படம் தராது. போர்ட்டின் பக்கத்தில் மின்னல் குறியோ, டிஸ்பிளேபோர்ட்டின் "டி" போன்ற குறியோ இருக்கிறதா பாருங்கள். வெறும் யுஎஸ்பி குறி மட்டும் இருந்தால் அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள். சில தயாரிப்பாளர்கள் குறியே போடுவதில்லை. அப்போது மாடல் எண்ணை வைத்து விவரக்குறிப்பில் தேடுவதுதான் வழி.

விண்டோஸ் தரப்பு. விண்டோஸ் கீயோடு P கீயை அழுத்தி "எக்ஸ்டெண்ட்" தேர்ந்தெடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், திரை ஒரு கணம் கறுத்து மீளும்.

டிஸ்பிளேலிங்க் டாக். டிரைவர் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஓடும், திரை மட்டும் வராது. மேக்கில் இன்னொரு படி உண்டு. ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதியை அந்த டிரைவருக்குக் கொடுத்தாக வேண்டும். பெயரைக் கேட்டால் உளவு பார்ப்பது போல இருக்கும். பயப்பட வேண்டாம், திரையைப் படித்து மானிட்டருக்கு அனுப்புவதற்கே அந்த அனுமதி. திரை வந்து, ஓடிடி படம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அது கோளாறு அல்ல. மேக்கில் டிஸ்பிளேலிங்க் வழியாகக் காப்புரிமைப் பூட்டு போட்ட வீடியோ ஓடாது. லேப்டாப்பின் சொந்தத் திரையில் பாருங்கள்.

தண்டர்போல்ட் டாக். கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் செலவு இங்கேதான். சாதாரண யுஎஸ்பி-சி சுவிட்ச் தண்டர்போல்ட் சிக்னலைக் கடத்தாது. தண்டர்போல்ட் 4 டாக்குகள் அப்போது யுஎஸ்பி-சி நிலைக்கு இறங்கி வந்து, வேகமும் திரைகளின் எண்ணிக்கையும் குறைந்தாலும் வேலை செய்யும். 2018-க்கு முன் வந்த தண்டர்போல்ட் 3 டாக்குகள் பலவற்றுக்கு அப்படி இறங்கத் தெரியாது. நேராகச் செருகினால் பிரமாதமாக ஓடும், சுவிட்ச் வழியாகப் போட்டால் சார்ஜ் தவிர ஒன்றும் நடக்காது. தண்டர்போல்ட்டுக்கென்றே செய்த சுவிட்சுகள் சில உண்டு. விலையைப் பார்த்தால் இன்னொரு டாக்கே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த நினைப்பு தவறுமில்லை. "சுவிட்சை விட்டுவிடலாமா?" என்ற பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

## எதுவுமே வேலை செய்யவில்லை

டாக்கில் விளக்கு எரியவில்லை என்றால்: பிளக் பாயிண்ட், அடாப்டர், அடாப்டரின் செருகு முனை என்று பாருங்கள். தனி அடாப்டர் இல்லாமல் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய ஹப் என்றால், சுவிட்ச் வழியாக வரும்போது அதற்கு மின்சாரம் போதாமல் போகலாம். அதன் சார்ஜர் போர்ட்டில் ஒரு சார்ஜரைச் செருகிவிட்டு மறுபடி பாருங்கள்.

டாக்கில் விளக்கு எரிகிறது, சுவிட்சில் இல்லை என்றால்: சில சுவிட்சுகளின் பக்கவாட்டில் 5 வோல்ட் கொடுக்க ஒரு சின்னப் போர்ட் இருக்கும். பெரும்பாலானவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. பழைய போன் சார்ஜர் ஒன்றை அதில் செருகுங்கள்.

இரண்டிலும் விளக்கு இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை என்றால்: டாக்கின் அடாப்டரை உருவுங்கள். இரண்டு லேப்டாப்பின் கேபிள்களையும் உருவுங்கள். இது முக்கியம், ஏனென்றால் லேப்டாப் பக்கமிருந்தும் டாக்குக்கு மின்சாரம் கசியும். அடாப்டரை மட்டும் எடுத்தால் டாக் முழுதாக அணையாது. ஒரு நிமிடம் விட்டு முதலில் அடாப்டர், விளக்கு வந்த பிறகு லேப்டாப் என்ற வரிசையில் செருகுங்கள். பட்டனை அடுத்தடுத்து வேகமாக அழுத்தியதால் குழம்பி நின்ற டாக்குகள் இதில் சரியாகிவிடும். பொதுவாகவே, ஒருமுறை மாற்றினால் எல்லாம் வந்து நிற்கப் பத்து விநாடி கொடுங்கள். பொறுமையில்லாமல் மறுபடி அழுத்தினால் டாக்கும் லேப்டாப்பும் பாதி முடித்திருந்த அறிமுகம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நீட்டிப்புக் கேபிள் போட்டிருந்தால்: கழற்றுங்கள். டாக்கிலேயே கேபிள் பதிந்து வரும் மாடல்களில் நீளம் எட்டாமல் இதைச் சேர்ப்பார்கள். டைப்-சி தரத்தில் நீட்டிப்புக் கேபிள் என்ற ஒன்றே கிடையாது. விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

## ஒரு லேப்டாப்பில் சரி, இன்னொன்றில் இல்லை

இரண்டு லேப்டாப்பையும் சுவிட்சின் 1, 2 போர்ட்களில் இடம் மாற்றிப் போடுங்கள். கேபிள்கள் சுவிட்சிலேயே இருக்கட்டும், லேப்டாப் முனையை மட்டும் மாற்றுங்கள்.

கோளாறு போர்ட்டோடு நின்றுவிட்டால், அதாவது இப்போது நன்றாக இருந்த லேப்டாப் மக்கர் செய்கிறது என்றால், அந்தப் பக்கத்துக் கேபிள் அல்லது சுவிட்சின் அந்தப் போர்ட். கேபிள்களை மட்டும் இடம் மாற்றினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

கோளாறு லேப்டாப்போடு போனால் தேட வேண்டியது லேப்டாப்புக்குள். விண்டோஸ் லேப்டாப்பில் தண்டர்போல்ட் டாக் என்றால், தண்டர்போல்ட் கன்ட்ரோல் சென்டரில் அந்த டாக்குக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா பாருங்கள். பழைய மாடல்களில் ஒருமுறை "அனுமதிக்காதே" என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேட்கவே கேட்காது. ஆப்பிள் சிப் உள்ள மேக் லேப்டாப்பில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில், துணைக்கருவிகளை இணைக்க அனுமதி என்ற அமைப்பைப் பாருங்கள். மேக் பூட்டியிருக்கும்போது புதுக் கருவியாக டாக் வந்தால் அது கண்டுகொள்ளாது. திறந்து ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும்.

அதற்கடுத்து பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) அப்டேட், கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட், டாக்கின் ஃபர்ம்வேர் (டாக்குக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட். ஃபர்ம்வேர் ஏற்றும்போது சுவிட்ச் நடுவில் இருக்கவே கூடாது. டாக்கை நேராகச் செருகி ஏற்றுங்கள். பாதியில் யாராவது பட்டனைத் தட்டிவிட்டால் டாக் செங்கல்லாகிவிடலாம், அதாவது திரும்ப உயிர்பெறாமலே போகலாம்.

அலுவலக லேப்டாப்தான் மறுக்கிறது என்றால் அதிகம் போராட வேண்டாம். யுஎஸ்பி கருவிகளை நிர்வாகக் கொள்கை தடுத்திருக்கலாம். அதை ஐடி துறைதான் திறக்க முடியும்.

## திரை வருகிறது, ஆனால் தரம் சரியில்லை

### 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் நிற்கிறது

மவுஸ் இழுபடுவது போல இருக்கும். விண்டோஸில் டிஸ்பிளே அமைப்பில் "அட்வான்ஸ்டு டிஸ்பிளே" போய் ரெஃப்ரெஷ் ரேட் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண்) பாருங்கள். 60 என்ற தேர்வு அங்கே இருந்தால் மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

தேர்வே இல்லை என்றால் அது பெரும்பாலும் இணைப்பின் வேக எல்லை. டைப்-சியில் வேக வழிகள் நான்கு. டாக் வேக யுஎஸ்பியையும் தர வேண்டியிருப்பதால் படத்துக்கு இரண்டு வழிதான் மிச்சம். டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டில் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் அடங்கும். 1.4 வேகம் என்றால் 60 அடங்கும். லேப்டாப், சுவிட்ச், டாக் மூன்றுமே 1.4 தாங்க வேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் எல்லாம் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். நேராகச் செருகும்போது 60, சுவிட்ச் வழியாக 30 என்றால் சுவிட்ச்தான் அந்தப் பழையது. சில டாக்குகளில் யுஎஸ்பி வேகத்தைக் குறைத்துப் படத்துக்கு நான்கு வழியையும் கொடுக்கும் தேர்வு உண்டு. கீபோர்டும் மவுஸும் மட்டும் செருகுபவர்களுக்கு அது நல்ல பேரம்.

### திரை மினுக்குகிறது, அவ்வப்போது கறுத்து மீள்கிறது

முதலில் நீளத்தைக் குறையுங்கள். 10 ஜிபிபிஎஸ் தாங்கும் சாதாரண கேபிளின் பாதுகாப்பான நீளம் 1 மீட்டர் அளவுதான். 40 ஜிபிபிஎஸ் என்றால் 0.8 மீட்டர். சுவிட்ச் நடுவில் வந்தால் லேப்டாப்பிலிருந்து டாக் வரை இரண்டு கேபிளின் நீளமும் சேர்ந்துவிடுகிறது, போதாக்குறைக்கு இரண்டு இணைப்புகள் கூடுதல். இரண்டு பக்கமும் அரை மீட்டர் கேபிளாக மாற்றுங்கள். மேசை அழகுக்காக 2 மீட்டர் கேபிளைச் சுருட்டி அடியில் ஒளித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம்.

அடுத்து மானிட்டரை 4கேயிலிருந்து ஒரு படி குறைத்துப் பாருங்கள். மினுக்கல் நின்றால் சிக்னல் பலம் போதவில்லை என்பது உறுதி. நிற்காவிட்டால் டாக்குக்கும் மானிட்டருக்கும் நடுவில் இருக்கும் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாற்றுங்கள். சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்து இதை மறந்துவிடுவது வழக்கம்.

### இரண்டு மானிட்டரிலும் ஒரே காட்சி

விண்டோஸில் சரியாக இருந்து மேக்கில் மட்டும் இப்படி என்றால் எதுவும் கெடவில்லை. ஒரே கேபிளில் இரண்டு திரைகளைப் பிரித்தனுப்பும் எம்எஸ்டி முறையை மேக் ஆதரிப்பதில்லை. அதனால் இரண்டிலும் ஒரே படம். எம்1, எம்2 சிப்பின் அடிப்படை வகை உள்ள மேக்புக்குகளில் வெளி மானிட்டர் ஒன்றுதான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஸ்பிளேலிங்க் போல டிரைவர் வழியாகப் படம் அனுப்பும் டாக் தவிர வழியில்லை. கேபிள் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

## பட்டனை அழுத்தி மாற்றினால் அந்த லேப்டாப் எழுந்திருக்க மறுக்கிறது

மூடி வைத்த லேப்டாப்தானே? அப்படியானால் அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸில் மூடியை மூடினால் "ஒன்றும் செய்யாதே" என்று அமைத்திருப்பீர்கள். ஆனால் அந்த அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது: சார்ஜில் இருக்கும்போது, பேட்டரியில் இருக்கும்போது. சுவிட்சை அடுத்த லேப்டாப்புக்கு மாற்றிய கணத்தில் இந்த லேப்டாப்புக்கு டாக் வழியாக வந்த சார்ஜ் நின்றுவிடுகிறது. உடனே அது பேட்டரி அமைப்புக்குப் போய்த் தூங்கிவிடுகிறது. இரண்டு இடத்திலும் மாற்றுங்கள், அல்லது தனிச் சார்ஜர் போட்டு வையுங்கள். தனிச் சார்ஜர்தான் மேல். பேட்டரி அமைப்பை மாற்றியவர்கள் லேப்டாப்பை அப்படியே பைக்குள் போட்டுவிட்டு, எடுக்கும்போது தோசைக்கல் சூட்டில் இருக்கிறதே என்று திகைப்பார்கள்.

மேக்கில் மூடிய நிலையில் ஓட, வெளி மானிட்டரும் மின்சாரமும் இருக்க வேண்டும். சுவிட்ச் மாறினால் மானிட்டர் போகிறது, மேக் தூங்குகிறது. இதை அமைப்பில் மாற்ற முடியாது. மாற்றி வந்ததும் சில விநாடி விட்டுக் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினால் பெரும்பாலும் எழும். எழாவிட்டால் மூடியை லேசாகத் திறந்து மூடுங்கள். நீண்ட நேரம் ஓட வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் மூடியைத் திறந்தே வையுங்கள்.

விண்டோஸ் லேப்டாப் கீபோர்டைத் தட்டியும் எழவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கீபோர்டின் பண்புகளைத் திறந்து, கணினியை எழுப்ப அனுமதிக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். அதே இடத்தில் யுஎஸ்பி ரூட் ஹப்புக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அணைத்துவிடலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

## சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறிக்கொண்டே குறைகிறது

பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான் சார்ஜ் போகும். மற்றதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும். இதைக் கோளாறு என்று நினைத்துச் சுவிட்சைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

செயலில் இருக்கும் லேப்டாப்புக்கே ஏறவில்லை என்றால் கணக்குப் போடுங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரைதான். அதற்கு மேல் போக, உள்ளே சின்னச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். சுவிட்சின் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட கேபிள் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்து பயனில்லை. சார்ஜரைப் பின்னால் செருகும் ஹப் வகை டாக்குகள் தங்களுக்கென்று 10 முதல் 15 வாட் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். 65 வாட் சார்ஜரை அதில் செருகினால் லேப்டாப்புக்கு 50 வாட் வந்தாலே பெரிது. 100 வாட்டுக்கு மேல் கேட்கும் கேமிங் லேப்டாப்புக்கு இந்த வழியே சரிப்படாது. அதன் சொந்தச் சார்ஜரைப் போட்டுவிட்டு, டாக்கை மற்ற வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு முனை தொட்டால் சுடுகிறது, பழுப்பேறியிருக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் சோதனையெல்லாம் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேபிளையும் சுவிட்சையும் தூக்கிப் போடுங்கள். லேப்டாப் போர்ட்டை ஆள் பார்க்கும் வரை அதில் எதையும் செருகாதீர்கள்.

## வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது, கீபோர்டு எழுத்தை விழுங்குகிறது

பேட்டரி புதிதா என்று பார்த்துவிட்டு ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 போர்ட் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். மவுஸ் ரிசீவரும் அதே அலைவரிசை. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. ரிசீவரை ஒரு சிறிய யுஎஸ்பி-ஏ நீட்டிப்புக் கேபிளில் போட்டு, டாக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி மவுஸ் பக்கமாக வையுங்கள். அல்லது டாக்கில் யுஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். பத்தில் எட்டுப் பேர் இதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்காது.

வயர் உள்ள மவுஸும் தடுமாறினால் சுவிட்சுக்கு 5 வோல்ட் தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.

## மாற்றும்போது நெட் அறுகிறது

அறுகத்தான் செய்யும். டாக்குக்குள் இருக்கும் நெட்வொர்க் சிப் ஒரு லேப்டாப்பிலிருந்து பிடுங்கப்பட்டு மற்றொன்றில் செருகப்படுகிறது. முந்தைய லேப்டாப்பில் ஓடிய மீட்டிங்கும் விபிஎன்னும் அந்தக் கணமே விழும். இரண்டிலும் வைஃபையை எப்போதும் இணைத்தே வையுங்கள். கம்பி போனதும் வைஃபைக்குத் தாவிக்கொள்ளும். தாவும்போது விபிஎன் ஒருமுறை மறுபடி இணைய வேண்டியிருக்கலாம்.

மாற்றிய பிறகு நெட் வரவே இல்லை என்றால் வேறு காரணம். நெட்வொர்க் முகவரி டாக்குக்குச் சொந்தம். ரவுட்டருக்கு இரண்டு லேப்டாப்பும் ஒரே ஆளாகத்தான் தெரியும். வீட்டில் இதனால் பெரும்பாலும் தொல்லையில்லை. பதிவு செய்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் அலுவலக நெட்வொர்க்கில் சிக்கல் வரும். வணிக ரக லேப்டாப்புகளின் பயாஸில் மேக் அட்ரஸ் பாஸ்த்ரூ (இந்த "மேக்" ஆப்பிள் மேக் அல்ல, நெட்வொர்க் முகவரியின் பெயர்) என்ற தேர்வு இருக்கும். அதை இயக்கினால் டாக்கின் முகவரிக்குப் பதில் லேப்டாப்பின் சொந்த முகவரி போகும். அலுவலக லேப்டாப்பின் பயாஸ் பூட்டியிருந்தால் ஐடி துறையிடம் இதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

## டாக்கில் செருகிய ஹார்டு டிஸ்க்கில் ஃபைல்கள் கெடுகின்றன

பட்டனை அழுத்துவதும் ஹார்டு டிஸ்க்கை வெடுக்கென்று உருவுவதும் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் எஜெக்ட் செய்துவிட்டு மாற்றுவோம் என்று நினைப்பீர்கள். மாட்டீர்கள். ஹார்டு டிஸ்க்கை டாக்கில் செருகாதீர்கள், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பேக்கப் டிஸ்க் என்றால் இன்னும் கண்டிப்பாக.

ஏற்கெனவே "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கத் தொடங்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்லி உருவிவிடுங்கள். வேறு நகல் இருந்தால் பழுதுபார்க்கும் மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். வேறு நகல் இல்லாத ஒரே டிஸ்க் என்றால் எதையும் ஓட்டாமல் டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.

## மாற்றி வந்தால் விண்டோக்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன

விண்டோஸ் 11-இல் டிஸ்பிளே அமைப்பின் "மல்டிபிள் டிஸ்பிளேஸ்" பகுதியில், மானிட்டர் இணைப்பை வைத்து விண்டோ இடங்களை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது. அதில் டிக் போட்டால் ஓரளவு சரியாகும். மானிட்டர் இருப்பது போல ஏமாற்றும் சின்ன எச்டிஎம்ஐ கருவி ஒன்று விற்கிறார்கள். டாக்குக்குப் பின்னால் அதை மாட்டி எந்தப் பயனும் இல்லை. லேப்டாப்பிலிருந்து போவது மானிட்டர் மட்டுமல்ல, டாக்கே போய்விடுகிறது.

## சுவிட்சை விட்டுவிடலாமா?

தண்டர்போல்ட் டாக், இரண்டு 4கே மானிட்டர், நாள் முழுக்க வீடியோ மீட்டிங் என்றால் விட்டுவிடுவதே நல்லது என்பேன். மாற்று ஏற்பாடு எளிது. டாக்கை அதிகம் பயன்படும் லேப்டாப்பிலேயே நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். இரண்டாவது லேப்டாப்பை மானிட்டரின் இன்னொரு இன்புட்டில் நேராகச் செருகுங்கள். கீபோர்டு, மவுஸுக்கு மட்டும் முதல் வகை யுஎஸ்பி ஷேரிங் சுவிட்ச். அதன் ஒரு கேபிள் டாக்கின் யுஎஸ்பி போர்ட்டில், மற்றது இரண்டாவது லேப்டாப்பில். மாற்றும்போது சுவிட்சை ஒருமுறையும் மானிட்டரின் இன்புட் பட்டனை ஒருமுறையும் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் கூடுதல் வேலை. நெட்டும் சார்ஜும் அறுகாது. மானிட்டரிலேயே கேவிஎம் வசதி இருந்தால் சுவிட்சும் தேவையில்லை.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

டைப்-சி பிளக் போர்ட்டில் ஆடுகிறது, ஒரு கோணத்தில் பிடித்தால்தான் வேலை செய்கிறது. முதலில் லேப்டாப்பை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு அடைத்திருந்தால் மரக் குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம். சுத்தமான பிறகும் ஆடினால் போர்ட் தளர்ந்துவிட்டது. மாற்றக் கொடுக்கும் முன் அந்த மாடலில் போர்ட் தனிச் சிறு பலகையில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே பற்றவைத்ததா என்று கேளுங்கள். முதலாவது சின்ன வேலை. இரண்டாவதற்கு நுண் சாலிடரிங் தெரிந்தவர் வேண்டும், எல்லாக் கடையிலும் முடியாது.

லேப்டாப் நல்ல கேபிளோடு இரண்டு வெவ்வேறு டாக்கிலும் மறுக்கிறது என்றால் லேப்டாப்பைக் கொடுங்கள். டாக் இரண்டு லேப்டாப்பிலும் நேராகச் செருகியே மறுக்கிறது என்றால் டாக்குக்கு வாரண்டி இருக்கிறதா பாருங்கள். வாரண்டி முடிந்த டாக்கைப் பிரித்துப் பழுதுபார்ப்பது, அடாப்டர் கோளாறைத் தவிர, பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

டாக்கைச் செருகினால் அலுவலக லேப்டாப் ஒவ்வொரு முறையும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீ கேட்கிறது என்றால் அதை நீங்களாகத் தீர்க்கப் பார்க்க வேண்டாம். ஐடி துறையிடம் போகும்போது டாக், அடாப்டர், இரண்டு பக்கத்துக் கேபிள்கள், சுவிட்ச் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். லேப்டாப்பை மட்டும் கொண்டு போனால் அவர்கள் மேசையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துவிடும்.